புது ஹெல்மெட், புது விதி, புது டேக்கிள்: பையனின் மூளைக்கு எது காவல்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகனுக்கு 12 வயது. கூட்டாளிகள் எல்லாரும் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் சேர்கிறார்கள், இவனும் சேரவேண்டும் என்கிறான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பிடித்து விழுத்துகிற ஆட்டம் அது, அப்படி விழுத்துவதற்குத்தான் டேக்கிள் என்று பேர். "இப்போது வருகிற ஹெல்மெட் வேறு, விதிகளும் கடுமை, தலையை ஒதுக்கித்தான் டேக்கிள் செய்யச் சொல்லித் தருகிறோம், பழைய காலம் மாதிரி இல்லை" என்கிறார் கோச். நம்பலாமா? பார்த்தால் சேர்க்கலாமா வேண்டாமா என்ற கேள்வி போலத் தெரியும். உள்ளே இருக்கிற கேள்வி வேறு: கோச் சொன்ன ஹெல்மெட், விதி, டேக்கிள் முறை ஆகிய மூன்றும் உண்மையிலேயே பையனின் மூளையைக் காப்பாற்றுகின்றனவா, எது எந்த அளவுக்கு? நான் அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் வீட்டு முடிவு, கேட்டதால் கடைசியில் என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன்.

நான் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பல வருடங்களாக அத்லெட்டிக் டிரெய்னராக வேலை பார்க்கிறேன். மைதான ஓரத்தில் டேப்பும் ஐஸ் பையுமாக நிற்கிற ஆள். நரம்பியல் டாக்டர் இல்லை. அதனால் மைதானத்தில் நடப்பதைப் பற்றி என்னால் தைரியமாகப் பேச முடியும். முப்பது வருடம் கழித்து மூளைக்குள் என்ன ஆகும் என்ற இடத்தில் ஆய்வாளர்கள் சொன்னதை எடுத்துச் சொல்ல மட்டுமே முடியும்.

ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பிப்போம். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கிறது, உயிரை வாங்கும் ரத்தக்கசிவைக் குறைக்கிறது. இதில் சந்தேகமே இல்லை. கன்கஷன், அதாவது மூளை குலுங்கிச் செயல் தடுமாறுகிற காயம், அதன் கதை வேறு. வேகமாகப் போகிற தலை சட்டென்று நின்றாலோ, ஒரு பக்கமாகச் சடாரென்று திரும்பினாலோ, உள்ளே இருக்கிற மூளையும் அசைந்து முறுக்கிக்கொள்கிறது, நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அதற்கு ஓடு உடைய வேண்டியதில்லை. தலையில் அடிபட வேண்டும் என்றுகூட இல்லை, நெஞ்சில் பலமாக மோதித் தலை சொடுக்கினாலே போதும். வெளியே எவ்வளவு நல்ல மெத்தை வைத்தாலும் இந்த அசைவை முழுதாக நிறுத்த முடியாது. கம்பெனிக்காரர்களே இதை மறைக்கவில்லை. உங்கள் மகனுக்குக் கொடுக்கப்போகும் ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள், எதிராளியை இடிக்க இதைப் பயன்படுத்தாதே என்கிற எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

அதற்காக எல்லா ஹெல்மெட்டும் ஒன்று என்று சொல்லவில்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2011 முதல் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திர மதிப்பெண் கொடுக்கிறது. அதில் நன்றாக வந்த மாடலை, தலைக்குச் சரியாகப் பொருந்துகிற அளவில் வாங்குவது புத்திசாலித்தனம். ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டுகிற மெத்தையான கார்டியன் கேப்பை, தொழில்முறை ஆட்டக்காரர்களின் லீக்கான என்எஃப்எல் 2022-லிருந்து பயிற்சி முகாமில் சில பொசிஷன்களில் ஆடுகிறவர்களுக்குக் கட்டாயமாக்கியது, அதனால் கன்கஷன் குறைந்தது என்றும் சொல்கிறது. விஸ்கான்சின் உயர்நிலைப் பள்ளிப் பையன்களிடம் பார்த்தபோது அப்படிப் பலன் எதுவும் தெரியவில்லை. என்எஃப்எல் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அதே காலத்தில் பயிற்சி முறைகளும் மாறின, அதனால் எது எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கேப் போட்டால் கெடுதல் இல்லை. அதைக் காட்டி "இப்போது பயமில்லை" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

ஹெல்மெட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோல் ஹெல்மெட் போய்க் கெட்டியான பிளாஸ்டிக் ஹெல்மெட் வந்தது, 1950-களில் முகத்துக்குக் கம்பியும் வந்தது. மூக்கும் பல்லும் தப்பின. வலிக்காது என்று தெரிந்ததும் தலையே ஆயுதமாகிவிட்டது. எதிராளியின் நெஞ்சில் உள்ள நம்பருக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் மோது என்று கோச்சுகளே சொல்லிக்கொடுத்தார்கள். 1968-ல் மட்டும் ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பையன்கள். கழுத்து முறிந்து கை கால் விளங்காமல் போனவர்கள் தனி.

அந்தக் கழுத்து முறிவு எப்படி நடக்கிறது என்று ஜோசப் டோர்க் என்ற பிலடெல்பியா டாக்டர் நிதானமாக ஆராய்ந்தார். சாதாரணமாக நம் கழுத்தெலும்புக்கு ஒரு வளைவு உண்டு, வருகிற அடியை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தலையைக் குனிந்தால் அந்த வளைவு நிமிர்ந்து எலும்புகள் ஒரே நேர்க்கோட்டில் நின்றுவிடும். அப்படி உச்சந்தலையால் போய் மோதினால் முன்னால் தலை நின்றுவிடுகிறது, பின்னால் உடம்பு வந்துகொண்டே இருக்கிறது, நடுவில் கழுத்து நசுங்குகிறது. 1976-ல் கல்லூரி, உயர்நிலைப் பள்ளி இரண்டிலும் தலையை முதலில் கொண்டுபோய் இடிப்பதைத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு கழுத்து முறிந்து நிரந்தரமாகக் கை கால் செயலிழந்தவர்கள் 34 பேர். 1984-ல் 5 பேர். ஹெல்மெட் தரக் கட்டுப்பாடும் அதே சமயத்தில் வந்தது. 1990-ல் நேரடி அடியால் ஒரு சாவுகூட இல்லை. இந்த ஆட்டத்தில் விதியும் பயிற்சியும் சேர்ந்து உயிரைக் காப்பாற்றியதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் கவனியுங்கள், இது கழுத்துக்கும் உயிருக்கும் கிடைத்த வெற்றி. கன்கஷன் அந்த அளவுக்கு அடங்கவில்லை.

என் அனுபவமும் ஆய்வுகளும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு: ஆட்டக்காரனைத் திருத்துகிற விதியைவிட மோதலுக்கான சந்தர்ப்பத்தையே எடுத்துவிடுகிற விதிதான் அதிகம் வேலை செய்கிறது. கிக்ஆஃபைப் பாருங்கள். ஒரு பக்கத்தார் பந்தை உதைத்துவிட்டுப் பாதி மைதானம் முழு வேகத்தில் ஓடி வருகிறார்கள், மறு பக்கத்தார் எதிரே ஓடுகிறார்கள். ஆட்டத்திலேயே மோசமான மோதல் அங்கேதான். ஹார்வர்டு, யேல் எல்லாம் ஆடுகிற ஐவி லீக் 2016-ல் முக்கியமாகச் செய்தது, பந்தை உதைக்கிற இடத்தை ஐந்து கஜம் முன்னால் நகர்த்தியதுதான். பந்து எதிர்க்கோடியில் இருக்கிற எண்ட் ஸோன் பகுதிக்குள் போய் விழுந்தது. திரும்ப ஓடிப் பயனில்லை என்று எடுத்தவன் நின்றுவிட்டான். அப்படி ஓடாமல் முடிந்த கிக்ஆஃப் 18 சதவீதத்திலிருந்து 48 சதவீதமாக ஏறியது. ஆயிரம் கிக்ஆஃபுக்குச் சுமார் 11 ஆக இருந்த கன்கஷன் 2 ஆனது. யாருக்கும் எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. என்எஃப்எல்-உம் 2011-ல் இதேபோல் நகர்த்தியது. 2024-ல் இரண்டு பக்கத்தாரையும் கிட்டக்கிட்ட நிறுத்தி, ஓடி வேகமெடுக்கவே இடமில்லாதபடி மாற்றியது. பாப் வார்னர் என்ற பெரிய சிறுவர் லீக் தன் சின்னப் பையன்களுக்குக் கிக்ஆஃபையே 2016-ல் எடுத்துவிட்டது.

அடுத்தது பயிற்சி. பெற்றோர் சனிக்கிழமை மேட்சுக்கு வந்து பயப்படுகிறார்கள். செவ்வாய்க்கிழமை பிராக்டிஸுக்கு யாரும் வருவதில்லை. தலை வாங்குகிற அடிகளில் பெரும் பங்கு அங்கேதான் விழும், ஏனென்றால் மேட்ச் வாரத்துக்கு ஒன்று, பிராக்டிஸ் பல நாள். அதே ஐவி லீக்கில் ஆடுகிற டார்ட்மத் கல்லூரியின் கோச் பட்டி டீவன்ஸ் 2010-ல், பிராக்டிஸில் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்வதையே நிறுத்தினார். அங்கேயே பொறியியல் மாணவர்கள் தானாக ஓடுகிற ஒரு டம்மியை, அதாவது ஆளுக்குப் பதிலான பொம்மையைச் செய்து கொடுத்தார்கள், பையன்கள் அதைத் துரத்தி விழுத்தினார்கள். டேக்கிள் மறந்துபோகும், டீம் தோற்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். 2015-ல் ஐவி லீக் பட்டத்தை மற்ற டீம்களோடு பங்கிட்டார்கள். மறு வருடமே லீக் முழுக்க, சீசன் நடக்கும்போது பிராக்டிஸில் டேக்கிள் கிடையாது என்று ஆயிற்று. விஸ்கான்சின் உயர்நிலைப் பள்ளிகள் 2014-ல் முழு மோதலுக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தபின் பிராக்டிஸில் ஏற்படும் கன்கஷன் பாதிக்கு மேல் குறைந்தது. மேட்சில் குறையவில்லை. அது நியாயம்தானே, மேட்சில் எதையும் மாற்றவில்லையே. உங்கள் நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2019 முதல், சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 15 நிமிடம்தான் முழு மோதல். முன்பு 90 நிமிடம். ஆனால் அது உயர்நிலைப் பள்ளி விதி. உங்கள் மகன் சேரப்போவது ஊர் லீக், அங்கே என்ன விதி என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது கோச் பெருமையாகச் சொன்ன டேக்கிள் முறைக்கு வருகிறேன். பழைய பாடத்தில், பந்தோடு ஓடுகிறவனுக்கு முன்னால் குறுக்கே தலையை வைக்கச் சொல்வார்கள், அவன் தாண்டிப் போகாமல் தலையே தடுப்பாக நிற்கட்டும் என்று. புதிய பாடம் ரக்பியிலிருந்து வந்தது. 2014-ல் சியாட்டில் சீஹாக்ஸ் கோச் பீட் கேரல் இதை வீடியோவாகவே வெளியிட்டார். கிட்டே வரும்போது அடியைச் சின்னதாக்க வேண்டும். கண் அவன் தொடையில் இருக்க வேண்டும். எந்தத் தோள் கிட்டே இருக்கிறதோ அந்தத் தோளைத் தொடையில் பதித்து, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டி, அப்படியே உருண்டு விழுத்த வேண்டும். தலை அவனுக்குப் பின்பக்கம், பிட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். கபடி ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ரைடரின் தொடையைப் பிடிக்கப் பாய்கிறவன் தலையை எந்தப் பக்கம் வைக்கிறான் என்பதில்தான் அவன் முழங்கால் இவன் முகத்தில் படுமா படாதா என்பது இருக்கிறது.

இது பலிக்கிறதா? நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எரிக் ஸ்வார்ட்ஸ் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். பாதிப் பேரை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டம்மி மேல் டேக்கிள் பழக வைத்தார். தலையில் ஒன்றும் இல்லாதபோது எவனும் தலையைக் கொடுக்கமாட்டான் அல்லவா, அந்தப் பழக்கம் ஹெல்மெட் போட்டபிறகும் தங்குமா என்று பார்த்தார். சீசன் முடிவில் அவர்கள் தலையில் விழுந்த அடிகள் 28 சதவீதம் குறைந்திருந்தன. நல்ல செய்தி, ஆனால் ஒரே ஒரு கல்லூரி டீம், சுமார் ஐம்பது பேர். எண்ணியதும் அடிகளைத்தான், கன்கஷனை அல்ல. மறு பக்கம், யுஎஸ்ஏ ஃபுட்பால் என்ற அமைப்பு என்எஃப்எல் பணத்தோடு நடத்திய "ஹெட்ஸ் அப்" என்ற டேக்கிள் பயிற்சி கன்கஷனைக் குறைக்கிறது என்று பெரிதாக விளம்பரம் ஆனது. பிறகு வெளியான ஆய்வைப் படித்தால், அந்தப் பயிற்சி மட்டும் இருந்த லீக்குகளில் கன்கஷன் குறையவில்லை. மோதல் நேரத்தையும் கட்டுப்படுத்திய லீக்குகளில்தான் குறைந்திருந்தது. 2016-ல் நியூயார்க் டைம்ஸ் இதை உடைத்து எழுதியது. உங்கள் கோச் "சொல்லிக்கொடுக்கிறோம்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த வகைப் பயிற்சியைத்தான்.

நல்ல முறை ஏன் பாதியில் நிற்கிறது என்பதை மைதானத்தில் பார்த்தால் புரியும். டம்மி நேராக நிற்கும். ஆள் அப்படி நிற்க மாட்டான். இடப்பக்கம் போகிறவன் கடைசி நொடியில் வலப்பக்கம் வெட்டுவான், இவன் தலை பின்பக்கம் போகவேண்டியது முன்பக்கம் மாட்டிக்கொள்ளும். களைப்பு வந்தால் முழங்கால் மடங்காது, இடுப்பு வளையும், தலை தொங்கும். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியான நான்காவது குவார்ட்டரில் பாருங்கள், முதல் குவார்ட்டரில் அழகாக டேக்கிள் செய்த அதே பையன் குனிந்துகொண்டு பாய்வான். பிராக்டிஸ் முடிந்ததும் ஹெல்மெட்டுகளை வரிசையாக வைத்து உச்சியைப் பார்ப்பது என் வழக்கம். எதிராளி ஹெல்மெட்டின் பெயிண்ட் ஒட்டியிருக்கும், கீறல் இருக்கும். நெற்றிப் பக்கம் இருந்தால் ஒரு மாதிரி, உச்சியில் இருந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு அனுப்புவேன். கோச் சொல்வதைவிட அந்தக் கீறல் உண்மை பேசும். முறையைச் சொல்லிக்கொடுப்பது அவசியம், அதில் இரண்டு கருத்து இல்லை. அதை மட்டும் நம்பி மோதலின் எண்ணிக்கையைக் குறைக்காமல் விடுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீண்ட காலப் பாதிப்பு பற்றிச் சுருக்கமாக. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மக்கீ குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தானமாக வந்த முன்னாள் என்எஃப்எல் ஆட்டக்காரர்களின் 111 மூளைகளில் 110-ல் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது. உயர்நிலைப் பள்ளியோடு நின்றவர்கள் 14 பேரில் 3 பேருக்கு. பயமுறுத்துகிற எண்தான். ஆனால் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் மூளையைத் தானம் கொடுத்திருப்பார்கள், ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆட்டக்காலம் நீள நீள ஆபத்து கூடுகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. கன்கஷன் ஆகாத சின்னச் சின்ன அடிகளும் கணக்கில் சேர்கின்றன என்றுதான் ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு முன் ஆரம்பித்தால் அதிகக் கெடுதலா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 1950-களில் விஸ்கான்சினில் பள்ளியில் மட்டும் ஆடியவர்களை 65 வயதில் பார்த்தபோது, ஆடாதவர்களைவிட நினைவோ மனநிலையோ மோசமாக இல்லை என்பதும் உண்மை.

அடிபட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லாத விதி இருக்கிறது. சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் 2006-ல் வாஷிங்டன் மாநிலத்தில் அடிபட்டு வெளியே வந்து, அதே மேட்சில் மறுபடி இறங்கி, மூளையில் ரத்தம் கசிந்து பிழைத்ததே பெரும்பாடு ஆயிற்று. 2009-ல் அவன் பெயரில் சட்டம் வந்தது: சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடு, தகுதியுள்ள மருத்துவ ஆள் எழுதிக்கொடுக்காமல் திரும்ப இறக்காதே. 2014-க்குள் எல்லா மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. பெரிய இடத்தில்கூட இது எப்படித் தவறுகிறது என்பதற்கு என்எஃப்எல் ஆட்டக்காரர் டுவா டாகோவைலோவா உதாரணம். 2022 செப்டம்பர் 25 அன்று தலை தரையில் மோதி எழுந்து தள்ளாடினார், ஆனாலும் திரும்ப ஆடினார். நான்கு நாள் கழித்து அடுத்த மேட்சில் விரல்கள் விறைத்துப்போய் ஸ்ட்ரெச்சரில் போனார். அதன்பிறகுதான் தள்ளாட்டம் இருந்தால் அன்று திரும்ப ஆடக்கூடாது என்று என்எஃப்எல் எழுதி வைத்தது.

பள்ளி மைதானத்தில் என் முதல் வேலை அந்தப் பையனின் ஹெல்மெட்டை எடுத்து ஒளித்துவைப்பது. சிரிக்காதீர்கள், கையில் ஹெல்மெட் இருந்தால் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் உள்ளே ஓடிவிடுவான். பேர் என்ன, சாப்பிட்டாயா என்று கேட்டால் தெளிவாகத்தான் சொல்வான். இப்போது எந்தப் பாதி நடக்கிறது, கடைசியாக யார் ஸ்கோர் பண்ணினார்கள், போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேட்டால் மாட்டிக்கொள்வான். வீட்டுக்கு வந்தபின் இருட்டறையில் நாள் கணக்கில் படுக்கவைக்கும் பழைய வைத்தியம் இப்போது இல்லை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, திரை பார்ப்பதைக் குறைப்பது, பிறகு மெதுவாக நடை, பள்ளி, அப்புறம் படிப்படியாக ஆட்டம், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பன்னிரண்டு வயதில் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடட்டும் என்பேன். இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை இழுத்தால் டேக்கிள் முடிந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களிடம் சென்சார் வைத்துப் பார்த்த, அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், டேக்கிள் ஆடும் பிள்ளை ஒரு சீசனில் தலையில் வாங்கியது நடுத்தரக் கணக்கில் 378 அடி, ஃப்ளாக் ஆடும் பிள்ளை 8 அடி. ஓட்டம், பாஸ், பந்து பிடிப்பது எல்லாம் அதிலும் வரும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸிலும் ஃப்ளாக் இருக்கிறது என்று சொன்னால் பையன் முகம் கொஞ்சம் தெளியலாம். உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின் டேக்கிள் வேண்டுமென்றால் அங்கே அந்த 15 நிமிட விதியாவது இருக்கும்.

இல்லை, இப்போதே டேக்கிள்தான் என்று முடிவானால், கோச்சிடம் ஹெல்மெட் மாடலைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: வாரத்தில் முழு மோதல் எத்தனை நிமிடம், இரண்டு பேரை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைக்கும் டிரில் உண்டா, கிக்ஆஃப் உண்டா, மேட்ச் அன்று அத்லெட்டிக் டிரெய்னர் யார், ஒரு பையனை வெளியே எடுத்தால் அந்த முடிவை மாற்றும் அதிகாரம் கோச்சுக்கு உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்ற பதில்தான் சரியான பதில். பிறகு ஒரு பிராக்டிஸை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். அடிபட்ட அன்று இரவு தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பினால் எழ முடியாமல் இருந்தாலோ, டிரெய்னருக்கும் கோச்சுக்கும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக 911-ஐக் கூப்பிடுங்கள்.